சொல்லி அழ ஒரு யந்திரம்

தலைவலி வந்தால் நாம் வீடு முழுவதற்கும் தெரியப்படுத்தி விடுகிறோம். "ஐயோ, மண்டையைப் பிளக்கிறதே!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒருவர் தைலத்தைக் கொண்டு வருகிறார். ஒருவர் சுக்குக் கஷாயம் போடுகிறார். அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு அப்பாலிருந்தே இரண்டு கைவைத்தியம் சொல்லுகிறாள். பல் வலிக்கும் முழங்கால் வலிக்கும் இதே மரியாதை உண்டு.

ஆனால் மனசு வலித்தால்? காரணம் தெரியாமல் அழுகை அழுகையாக வந்தால்? இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, விடிகிற வரையில் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருந்தால்? அதைப் பற்றி நாம் மூச்சு விடுவதில்லை. "ராத்திரி சரியாகத் தூக்கமில்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் புறப்பட்டு விடுகிறோம்.

இப்படி மூச்சு விடாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? 2015-16-ல் பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' மனநல ஸ்தாபனத்தார் தமிழ்நாடு உள்பட 12 ராஜ்யங்களில் வீடு வீடாகச் சென்று ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். வயது வந்தவர்களில் 10.6 சதவீதத்தினர் ஏதாவதொரு மனநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பேர் ஏறிய பஸ் என்றால் அதில் ஐந்து பேர்! அந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. மனச்சோர்வு, மனக்கலக்கம் போன்ற சாதாரண மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை.

டாக்டர்கள் போதாது என்பது ஒரு காரணம். வெட்கம் என்பது மற்றொரு காரணம். சென்னைக்காரர்களைக் கேட்டால் தெரியும். 1794-ல் ஏற்பட்டு, பிறகு கீழ்ப்பாக்கத்துக்குப் போன மனநல ஆஸ்பத்திரி எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கேற்றி வைத்திருக்கிறது. ஆனாலும் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே நாம் ஒரு வசைச் சொல்லாக்கி விட்டோம். சினிமாவில் அந்த வார்த்தை வந்தால் கொட்டகை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் நோயாளி, மறுநாள் எப்படி ஐயா டாக்டரிடம் போவான்?

அவன் டாக்டரிடம் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு, தலையணைக்கு அடியிலிருந்து செல்போனை எடுக்கிறான். போர்வைக்குள் அது வெளிச்சம் போடுகிறது. "எனக்கு என்னவோ செய்கிறது" என்று எழுதுகிறான். உடனே பதில் வருகிறது. பதில் சொல்வது மனிதர் அல்ல, யந்திரம்.

மனக்கவலைக்கு வழி சொல்லுகிறோம் என்று முன்வரும் 'செயலி'கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. படித்த இளைஞர்கள் மட்டுமல்ல. குடும்பஸ்தர்களும், ரிடையரானவர்களும், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களும் அவற்றை நாடுகிறார்கள். இந்த யந்திரத்தை நம்பலாமா? நம்பினால் எதுவரையில் நம்பலாம்? இதுதான் இப்போது நம் முன்னே இருக்கும் கேள்வி.

பாதிரியாரின் டெலிபோன்

மனத்துயரத்துக்கு யந்திரத்தை உபயோகிப்பது நேற்று முளைத்த விஷயமல்ல. 1953-ல் லண்டன் நகரத்தில் சாட் வாரா என்ற பாதிரியார் ஒரு காரியம் செய்தார். தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் தமக்கு டெலிபோன் செய்யலாம் என்று தமது மாதாகோவிலின் எண்ணை ஊருக்கு அறிவித்தார். ஜனங்கள் டெலிபோனிலும் கூப்பிட்டார்கள். நேரிலும் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்கலாமா? தேநீர் கொடுத்து உபசரிக்கச் சில தொண்டர்கள் இருந்தார்கள். டாக்டர் படிப்போ, மனோதத்துவப் படிப்போ இல்லாத சாதாரண மனிதர்கள். சில நாளில் பாதிரியார் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர், தேநீர் கொடுத்தவர்களிடமே மனத்தைக் கொட்டிவிட்டு, தம்மைப் பார்க்காமலே லேசான மனத்துடன் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்! 1954 பிப்ரவரியில், டெலிபோனைத் தொண்டர்கள் கையிலேயே அவர் ஒப்படைத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' என்ற ஸ்தாபனம் இப்படித்தான் உருவாயிற்று.

நம் சென்னையிலும் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் 'சிநேகா' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். துயரத்தில் இருப்பவர்கள் சொல்வதைத் தொண்டர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

டெலிபோன் ஒரு யந்திரந்தான். ஆனால் அது குரலைச் சுமந்து போகும் வேலையோடு நின்றுகொண்டது. கம்பியின் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். அந்த மறுமுனையில் மனிதரே இல்லாமற் போனால் என்ன ஆகும்? அதையும் ஒருவர் பரீட்சை செய்து பார்த்தார்.

"கொஞ்சம் வெளியே போகிறீர்களா?"

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்று பிரசித்தி பெற்ற தொழில்நுட்பக் கலாசாலையில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் இருந்தார். 1966-ல் அவர் 'எலிஸா' என்ற கம்ப்யூட்டர் நிரலைப் பற்றி உலகத்துக்கு எழுதினார். தட்டெழுத்து யந்திரத்தில் நாம் ஒரு வாக்கியம் அடித்தால், எலிஸா ஒரு மனோதத்துவ டாக்டரைப்போல் பதில் அடிக்கும். அதன் சாமர்த்தியம் எல்லாம் நாம் எழுதிய வாக்கியத்தில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அதையே கேள்வியாகத் திருப்பிப் போடுவதில்தான் இருந்தது. தமிழில் சொன்னால் சம்பாஷணை கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"என் அம்மாவுக்கு என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை."

"உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அம்மா என்றால் என்ன, பிடிக்கவில்லை என்றால் என்ன, எதுவும் அதற்குத் தெரியாது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளையைவிட ஓர் அங்குலம் உயர்ந்தது, அவ்வளவுதான்.

பேராசிரியரின் காரியதரிசிக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். அவர் மாதக்கணக்கில் அந்த நிரலைத் தயாரித்ததைக் கூடவே இருந்து பார்த்தவர் அந்த அம்மாள். ஒரு நாள் அவர் எலிஸாவுடன் பேச உட்கார்ந்தார். இரண்டு மூன்று வாக்கியங்கள் போயிருக்கும். திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகிறீர்களா?" என்று பேராசிரியரையே கேட்டுக்கொண்டார்!

வைசன்பாம் திடுக்கிட்டுப் போனார். மனிதர்கள் யந்திரத்திடம் இவ்வளவு சுலபமாக மனத்தைத் திறந்துவிடுகிறார்களே என்ற கவலை அவரை விடவில்லை. 1976-ல் இதைப் பற்றி எச்சரித்து ஒரு புஸ்தகமே எழுதினார்.

நமக்கு அந்த அம்மாளின் மனசும் புரிகிறது அல்லவா? யந்திரம் சிரிக்காது. "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று கேட்காது. சம்பந்தி வீட்டில் போய்ச் சொல்லாது. டாக்டர் வீட்டு வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை. செல்போன் செயலிகள் இன்று இவ்வளவு வீடுகளுக்குள் நுழைந்திருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

செயலிகள் ஆயிரம் இருந்தாலும் அவற்றை நாலு ஜாதியாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அளந்து சொல்வது. ஜுரத்துக்கு வெப்பமானி இருப்பதுபோல் மனச்சோர்வுக்கும் கேள்விப் பட்டியல்கள் உண்டு. 2001-ல் வெளிவந்த 'பி.எச்.க்யூ.-9' என்பது அவற்றில் பெயர் பெற்றது. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது மனம் ஈடுபடுகிறதா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க்கு, மொத்தம் 27. பரீட்சையில் மார்க்கு கூடினால் சந்தோஷம். இதில் கூடினால் விசாரம். 10 அல்லது அதற்குமேல் வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாமென்ற நினைப்பு வருகிறதா என்பது. அதற்கு "ஆம்" என்று பதில் வந்தால் மொத்த மார்க்கைக் கூட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஒரு மனிதரிடம் பேச வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி கொடுப்பது. 1960-களில் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் வகுத்த சிகிச்சை முறை இதற்கு ஆதாரம். விஷயம் எளியது. கல்யாண வீட்டில் உங்கள் சிநேகிதர் உங்களைப் பார்த்தும் பேசாமல் போய்விடுகிறார். "நம்மை மதிக்கவில்லை" என்று ஓர் எண்ணம் எழுகிறது. அந்த எண்ணத்தால் மனம் வாடுகிறது. மனம் வாடியதால் பந்தியில்கூட உட்காராமல் வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறீர்கள். "அவர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கலாமே!" என்று அந்த முதல் எண்ணத்தைப் பிடித்து நிறுத்திக் கேட்கப் பழகுவதுதான் பயிற்சி. கேட்க எளிது, நாள்தோறும் பழகினால்தான் கைவரும். செயலி அதைப் பாடம் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறது.

மூன்றாவது, எலிஸாவின் பேரப்பிள்ளைகளான பேசும் யந்திரங்கள். நான்காவது, தூரத்திலிருக்கும் டாக்டரையோ ஆலோசகரையோ திரையில் கொண்டுவந்து நிறுத்துவது. முதல் மூன்றுக்கும் நான்காவதுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

பொங்கலோடு நிற்கும் டைரி

பலன் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். 2017-ல் அமெரிக்காவில் 'வோபாட்' என்ற பேசும் செயலியை 70 இளைஞர்களை வைத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரத்தில், புஸ்தகம் மட்டும் படித்தவர்களைவிட செயலியுடன் பேசியவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது. 2025-ல் டார்ட்மத் கலாசாலையார் 210 பேரை வைத்து 'தெரபாட்' என்ற யந்திரத்தைச் சோதித்ததில், மனச்சோர்வு உள்ளவர்களின் அறிகுறிகள் சராசரி 51 சதவீதம் குறைந்தன. சாதாரண விஷயமல்ல.

ஆனால் நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. இங்கிலாந்தில் 691 நோயாளிகளை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2015-ல் வெளியாயிற்று. வழக்கமான டாக்டர் வைத்தியத்தோடு கம்ப்யூட்டர் பாடங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். டாக்டர் வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு அதிக பலன் ஒன்றும் தெரியவில்லை! காரணம் என்னவென்று பார்த்தால், ஒரு நிரலில் எட்டுப் பாடம். பாதிப் பேர் இரண்டாம் பாடத்தைத் தாண்டவில்லை. இன்னொன்றில் ஆறு பாடம்; பாதிப் பேர் முதல் பாடத்தோடு சரி.

2019-ல் மற்றோர் ஆராய்ச்சியாளர் குழு 93 மனநலச் செயலிகளை எடுத்துக்கொண்டு, இறக்கி வைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து உபயோகிக்கிறார்கள் என்று கணக்கிட்டது. பதினைந்தாம் நாளில் மிஞ்சியவர்கள் நடுமட்டமாக 3.9 சதவீதம். முப்பதாம் நாளில் 3.3. ஜனவரி முதல் தேதி ஆசையாக வாங்கிய டைரி பொங்கலோடு நின்றுவிடுகிறதல்லவா? அதே கதைதான்.

டைரி நின்றால் நஷ்டமில்லை. ஆனால் மனச்சோர்வு உள்ளவன் பாதியில் விட்டுவிட்டால், "இதுவும் நமக்குப் பிரயோஜனப்படவில்லை, இனி எதுவுமே பிரயோஜனமில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். நோயே அவனை அப்படி நினைக்கச் செய்கிறது. அங்கேதான் ஆபத்து.

"நீ ஏண்டா கேட்கக் கூடாது?"

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு சம்பாஷணையைக் கற்பனை செய்து பாருங்கள். தகப்பனார் காலமாகி ஆறு மாதம். பிள்ளைக்கு வெளியூரில் உத்தியோகம். விடுமுறைக்கு வந்தவன் தாயாரின் செல்போனில் ஏதோ செய்துவிட்டுச் சொல்லுகிறான்:

"அம்மா, தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு இது உன்னைக் கேட்கும், 'இன்று மனசு எப்படி இருக்கிறது?' என்று. நீ பதில் போடு."

"எதுடா கேட்கும்?"

"இந்தப் போன்தான், அம்மா."

"அது கேட்கிறது இருக்கட்டும். நீ ஏண்டா கேட்கக் கூடாது?"

பிள்ளைக்கு ஆபீஸ் விட்டு வரவே ஒன்பது மணி ஆகிறது. அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தத் தாயார் கேட்ட கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்களும் வேறு பாஷையில் கேட்டிருக்கிறார்கள். செயலி தனியாக இருந்தால் பலன் அதிகமா, வாரம் ஒரு முறையாவது ஒரு மனிதர் விசாரித்தால் அதிகமா? பல சோதனைகளை ஒன்று சேர்த்து 2021-ல் வெளியான முடிவு இது: லேசான சோர்வு உள்ளவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சோர்வு கடுமையாக ஆக, மனிதத் துணையோடு கூடியதே மேல். டார்ட்மத் கலாசாலையின் சோதனையில்கூட, யந்திரம் சொன்ன பதில்களை மனிதர்கள் பின்னாலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஜெர்மனியில் இதற்காகச் சட்டமே செய்தார்கள். 2019-ல் நிறைவேறிய சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற செயலிகளை டாக்டரே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். இன்ஷூரன்ஸ் பணம் கட்டும். மருந்தைத் தானே வாங்கித் தின்பதற்கும் டாக்டர் சொல்லித் தின்பதற்கும் உள்ள வித்தியாசம் செயலிக்கும் உண்டு என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

புதுக்கோட்டைக்குப் போன பஸ்

ஜெர்மனி வரையில் போவானேன்? நம் புதுக்கோட்டை ஜில்லாவிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் பல வருஷங்கள் இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற மனநல ஆராய்ச்சி ஸ்தாபனத்தைத் துவக்கினார். நீண்ட ஆயுள் வாழ்ந்து 2021-ல் காலமான இந்த அம்மையார், இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர் என்று போற்றப்படுகிறவர். 2010-ல் அந்த ஸ்தாபனத்தார் ஒரு பஸ்ஸைத் தயார் செய்து புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸுக்குள் ஒரு பரிசோதனை அறை. பக்கத்தில் ஒரு மருந்து அறை. நோயாளி பஸ்ஸில் ஏறித் திரைக்கு முன்னால் உட்காருவார். சென்னையில் இருக்கும் டாக்டர் திரையில் தோன்றி விசாரிப்பார். மருந்து அங்கேயே கிடைக்கும்.

கேட்க மாயாபஜார் மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் வெறும் பஸ்ஸைக் கொண்டுபோய் ஆலமரத்தடியில் நிறுத்தினால் யாரும் ஏறிவிட மாட்டார்கள். முன்கூட்டியே கிராமத்துக்குள் போய், திண்ணையில் உட்கார்ந்து பேசி, "உங்கள் பிள்ளைக்குப் பேய் பிடிக்கவில்லை, அம்மா, இதற்கு மருந்து இருக்கிறது" என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அதற்காகப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருந்தார்கள். திட்டத்தைத் தாங்கி நடத்தியவர்களே அவர்கள்தான் என்று சொன்னால் மிகையாகாது. திரை டாக்டரைக் கொண்டுவந்தது. நோயாளியைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்தது ஒரு மனிதர்.

ரகசியம் யார் கையில்?

யந்திரம் சம்பந்தி வீட்டில் போய்ச் சொல்லாது என்றோம். வேறு இடத்தில் சொல்லிவிடுமானால்?

பின்லாந்து தேசத்தில் 'வஸ்தாமோ' என்ற மனோசிகிச்சை நிலையம் இருந்தது. நோயாளிகள் சொன்னதையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகள் திருடு போன செய்தி 2020 அக்டோபரில் வெளியாயிற்று. சுமார் 33,000 பேருடைய அந்தரங்கங்கள்! "200 யூரோ அனுப்பு, இல்லாவிட்டால் நீ டாக்டரிடம் சொன்னதை ஊரறிய வெளியிடுவேன்" என்று நோயாளிகளுக்கே மிரட்டல் கடிதம் வந்தது. பின்னர் ஓர் ஆசாமி பிடிபட்டு 2024-ல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டான். நிலையம் திவாலாகிவிட்டது. ஆனால் வெளியே போன ரகசியம் உள்ளே திரும்பி வருமா?

திருடன்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 'பெட்டர்ஹெல்ப்' என்ற அமெரிக்கக் கம்பெனி, ஆலோசனை தேடி வந்தவர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக மற்றக் கம்பெனிகளுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. 2023-ல் அந்தக் கம்பெனி 78 லட்சம் டாலர் கொடுக்க உடன்பட்டது. இந்தியாவிலும் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் நிறைவேறியது.

நம் வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி, தமக்கென்று உபயோகிக்க ஒரு செல்போன் உள்ள பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர்தான். மற்றவர்களுக்குப் புருஷனுடைய போன், பிள்ளையினுடைய போன். "மாமியாரிடம் பேசவே பயமாக இருக்கிறது" என்று அந்தப் போனில் எழுதி வைத்தால், ரகசியம் காக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது!

பேச்சுக்கும் எல்லை உண்டு

பேசும் யந்திரம் எல்லாம் தெரிந்ததுபோல் பேசும். அதுதான் அதன் குறை. 2023-ல் அமெரிக்காவில் உணவுக் கோளாறு நோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கம் 'டெஸா' என்ற பேசும் யந்திரத்தை வைத்திருந்தது. பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் நோய் உள்ளவர்களிடம், எடை குறைப்பது எப்படி என்று அது யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டது! சங்கத்தார் அவசர அவசரமாக அதை நிறுத்தினார்கள். முன்னே சொன்ன 'வோபாட்' செயலியும் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. தினமும் அதனிடம் பேசிப் பழகியவர்கள் வேறு வாசலைத் தேட வேண்டியதாயிற்று.

2025 அக்டோபரில், 'சாட்ஜிபிடி' யந்திரத்தை நடத்தும் கம்பெனியே ஒரு கணக்கு வெளியிட்டது. ஒரு வாரத்தில் அதை உபயோகிப்பவர்களில் 0.15 சதவீதத்தினரின் பேச்சில் தற்கொலை எண்ணத்தின் தெளிவான அடையாளங்கள் காணப்படுகின்றனவாம். கேட்கச் சின்ன எண். வாரத்துக்கு உபயோகிப்பவர்கள் 80 கோடி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; பத்து லட்சத்துக்கு மேல் ஆகிறது! மரணத்தின் விளிம்பில் நிற்கும் இத்தனை பேர், தங்கள் கையைப் பிடிக்க முடியாத ஒன்றிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் சர்க்கார் 2020 மார்ச்சில் தொலைவைத்திய விதிகளை வெளியிட்டபோதே இதில் ஜாக்கிரதையாக இருந்தது. செயற்கை அறிவு யந்திரங்கள் டாக்டருக்கு உதவலாம். ஆனால் நோயாளிக்குத் தாமே ஆலோசனை சொல்வதோ, மருந்து எழுதுவதோ கூடாது என்று அந்த விதிகளில் கண்டிருக்கிறது.

ஐந்து எண்கள்

அப்படியானால் இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவன் என்னதான் செய்வது?

2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று, இந்திய சர்க்கார் 'டெலி மானஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. அதன் எண் 14416. இதற்கு இன்டர்நெட் வேண்டாம். விலையுயர்ந்த போன் வேண்டாம். பொத்தானை அமுக்கும் பழைய போனே போதும். பணமும் கிடையாது. இரவும் பகலும் இருபத்துநாலு மணி நேரமும் தமிழ் உள்பட 20 பாஷைகளில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் இணைப்பார். நேரில் பார்க்க வேண்டியிருந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வழி காட்டுவார். 2024-ல் இதற்கு ஒரு செயலியும் வந்தது. 2025-க்குள் 20 லட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன.

மனநோயைப் பற்றி மூச்சே விடாதவர்கள் என்று பெயரெடுத்த நம் ஜனங்கள்தான் இந்த 20 லட்சம் தடவையும் கூப்பிட்டுப் பேசியவர்கள். பேச மனமில்லாமல் அவர்கள் இத்தனை நாள் சும்மா இருக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் இருந்தார்கள்.

வாசகர்களுக்குச் சில யோசனைகள்

செயலியை விலக்க வேண்டியதில்லை. தூக்கத்தைக் குறித்து வைக்க, மூச்சுப் பயிற்சி பழக, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க அது நல்ல துணை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது, இரண்டு வாரக் குறிப்பைக் காட்டினால் அவருக்கும் சௌகரியம்.

ஆனால் இறக்கி வைத்துக்கொள்ளும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை நடத்துவது யார்? நான் எழுதுவது எங்கே போகிறது? நிலைமை மோசமானால் இதன் மறுமுனையில் மனிதர் யாராவது வருவாரா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்த மனிதரை நீங்களே தயார் செய்துகொள்ளுங்கள். மனைவியோ, தம்பியோ, ஆபீஸ் சிநேகிதரோ, "ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைக் கேள்" என்று ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால், வேலை செய்ய முடியாமல் போனால், இல்லாத குரல்கள் காதில் கேட்டால், உயிரின்மேல் வெறுப்பு வந்தால், செயலியை மூடிவிட்டு மனிதரிடம் போங்கள். மருந்தை யந்திரத்தின் பேச்சைக் கேட்டு நிறுத்தவோ, கூட்டவோ வேண்டாம். வீட்டில் யாராவது ராத்திரியில் வெகுநேரம் போனை வைத்துக்கொண்டிருந்தால், பிடுங்கிப் பார்ப்பதற்கு முன் ஒரு தம்ளர் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். லண்டனில் அந்தத் தொண்டர்கள் செய்த வைத்தியம் அதுதான்.

கடைசியாக ஒரு சின்னக் காரியம். வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குமே, அதில் பால் கணக்கும், காஸ் சிலிண்டர் வந்த தேதியும் குறித்து வைப்பீர்களே, அதற்குப் பக்கத்தில் 14416 என்று எழுதி வையுங்கள். யாருக்காக எழுதினீர்கள் என்று ஒருவரும் கேட்க வேண்டாம். நீங்களும் சொல்ல வேண்டாம். வேண்டியவர் கண்ணில் அது படும்.